என் கடை, என் இஷ்டமா?

வாலாஜாபாத்தில் வாடகை அட்டை தொங்காத தெருவைப் பார்ப்பது அரிது. ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் பலருக்கு இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும்தான் தங்குமிடம். அட்டையில் எழுதியிருப்பது கொஞ்சம்தான்: வீடு வாடகைக்கு, பேமிலி மட்டும், சில இடங்களில் சைவம் மட்டும். எழுதாத நிபந்தனைகள் நேரில் போனால் கேள்விகளாக வரும். "சொந்த ஊர் எது?" "ஊர்ல எந்தத் தெரு?" "அப்பா என்ன பண்றாரு?" மூன்றாவது கேள்விக்குள் வீட்டுக்காரருக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும். பதிலும் தயாராக இருக்கும்: "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாருங்க." ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களுக்கு இந்த மறைப்பும் கிடையாது. "இந்திக்காரங்களுக்கு விடுறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள்.

அவர் வீடு, அவர் இஷ்டம் என்று நம்மில் பலர் இதைக் கடந்துபோகிறோம். இதையே ஒரு டீக்கடைக்காரர் செய்தால் பொறுத்துக்கொள்ள மாட்டோம், போலீசில் புகார் கொடுப்போம். டீக்கடையில் குற்றமாவது வாடகை வீட்டில் எப்படி உரிமையாகிறது? தனியார் தொழில் நடத்தும் ஒருவர் யாரை வேண்டாம் என்று சொல்லலாம், யாரைச் சொல்லக் கூடாது என்ற கேள்வியை முழுதாகப் பார்க்க இந்தத் தொழிற்பாதையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கடைக்காரரின் பக்க நியாயத்திலிருந்தே தொடங்கலாம். தன் பணத்தைப் போட்டுத் தொழில் செய்கிறார், நட்டம் வந்தாலும் அவருக்குத்தான். அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தொழில் செய்யும் உரிமையை அவருக்குத் தருகிறது. குடித்துவிட்டு ரகளை செய்கிறவரை வெளியே அனுப்பலாம். பழைய பாக்கியைத் தராதவருக்குக் கடன் மறுக்கலாம். கடை சாத்தும் நேரத்துக்குப் பிறகு வருகிறவரைத் திருப்பி அனுப்பலாம். சில இடங்களில் மறுக்கச் சொல்வதே சட்டம்தான். 18 வயது நிரம்பாதவருக்குப் பீடி சிகரெட் விற்கக் கூடாது, மருத்துவர் சீட்டு இல்லாமல் சில மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. இதிலெல்லாம் எனக்கு மறுப்பே இல்லை. வந்தவர் செய்த காரியமோ, வாங்க வந்த பொருளோதான் இவற்றில் காரணம். வந்தவர் யாருக்குப் பிறந்தார் என்பது காரணமாகும்போதுதான் சிக்கல், நம் ஊரில் மறுப்பின் வரலாறு பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை.

சென்னை மாகாணத்தில் தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பஸ்கள் இருந்தன. 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். இந்த விவாதத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு உத்தரவில் இருப்பதாக நினைக்கிறேன். பஸ் முதலாளியுடையதுதான், ஆனால் ஓடுகிற சாலை ஊராருடையது, லைசென்ஸ் ஊரார் பெயரால் கொடுக்கப்பட்டது. பொதுச் சாலையில் ஓட்டிப் பணம் பண்ணுகிறவர் பொதுமக்களில் ஒரு பகுதியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. 1938இல் எம்.சி. ராஜா முன்னின்று கொண்டுவந்த சென்னை மாகாணச் சட்டம், பொது இடங்களிலும் பொதுச் சேவைகளிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் இருந்த தனித்தனிச் சாப்பாட்டு அறைகள் 1941இல்தான் ஒழிந்தன. 1957இல் உணவகப் பெயர்ப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் அறிவித்த போராட்டத்தில், திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாகிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது.

யாழ்ப்பாணத்தின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. சாதியைக் காட்டிச் சேவை மறுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இலங்கையில் குற்றமாக்கியது. சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் தேநீர்க் கடைக்குள் நுழைந்து உட்கார ஒடுக்கப்பட்டோர் போராட வேண்டியிருந்தது. 1966 அக்டோபர் எழுச்சிக்குப் பிறகே பல கடைகளின் கதவு திறந்தது.

நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து, கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் கேளிக்கை இடங்களுக்கும் செல்வதிலிருந்து எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. இது நேராகத் தனியாரைப் பார்த்துப் பேசுகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடை என்றால் எது எது அடங்கும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் தந்த விளக்கம் விரிவானது: தன் சேவையை நாடி வருகிற எவருக்கும் அதைத் தர உரிமையாளர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவோ அது கடை. முடிதிருத்தகமும் சலவைக் கடையும் மட்டுமல்ல, மருத்துவரின் அறையும் வழக்கறிஞரின் அலுவலகமும்கூட அந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். உச்ச நீதிமன்றம் 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் இந்த விளக்கத்தையே எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனங்களையும் இந்த உட்பிரிவுக்குள் கொண்டுவந்தது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அதைக் குற்றம் என்றே சொல்கிறது. தண்டிப்பதற்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. 15இன் இரண்டாம் உட்பிரிவு உரிமையைச் சொல்கிறதே தவிர, மீறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அதனால் ஒரு பட்டியல் சாதிக்காரருக்கு டீ மறுத்த கடைக்காரர் சிறைக்குப் போகலாம். ஒரு முஸ்லிமுக்கோ பீகார்க்காரருக்கோ மறுத்தவர் அரசியல் சட்டத்தை மீறியிருக்கிறார், ஆனால் அவர்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று காவல் நிலைய எழுத்தருக்கே தெரியாது. பட்டியலில் பிறந்த இடம் என்பதைச் சேர்த்தவர்கள் நம் தொழிற்பாதையின் இன்றைய நிலையைக் கண்டவர்கள்போலவே சேர்த்திருக்கிறார்கள். அதைச் செயல்படுத்தும் சட்டத்தைத்தான் யாரும் எழுதவில்லை.

தீண்டாமைக்கு எதிரான சட்டங்களின் பல்லையும் பார்த்துவிடலாம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தள்ளுவண்டிக் கடைவரை அதன் வரையறைக்குள் வரும். பொருள் விற்க மறுப்பதும் சேவை மறுப்பதும் குற்றம். மறுப்புக்குத் தீண்டாமை காரணம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் வைக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமோ 100 ரூபாய்க்குக் குறையாமல் 500 ரூபாய்க்குள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், கடைக்குள் நுழைவதைத் தடுப்பதையும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் வன்கொடுமையாகச் சேர்த்து, ஐந்து ஆண்டுவரை சிறை வைத்தது.

இந்தச் சட்டங்களுக்கு இன்றும் வேலை இருக்கிறது என்பதற்கு 2022 போதும். அந்த ஆண்டு செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பள்ளிச் சீருடையில் மிட்டாய் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் பெட்டிக்கடைக்காரர் சொன்னதை ஒரு காணொளி நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, இனி உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமுவின் கண்ணில், பக்கத்து இறையூர் டீக்கடையின் இரட்டைக் குவளையும் பட்டது. அதற்கும் வழக்குப் பதிவானது.

பாஞ்சாகுளத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒருவர் மறுத்தால் இன்னொருவர் விற்பார், போட்டியே இதைச் சரிசெய்துவிடும், சட்டம் எதற்கு என்பது சந்தையை நம்புகிறவர்கள் சொல்லும் வாதம். கருணையில்லாத வாதமென்று நான் அதைத் தள்ளமாட்டேன். பெரிய நகரத்தில், தனித்தனி மனிதர்கள் தனித்தனியாக முடிவெடுக்கும் இடத்தில், அது ஓரளவு நடக்கும். ஆனால் கட்டுப்பாடு என்ற சொல்லே கடைகள் எல்லாம் சேர்ந்து மறுப்பதைத்தானே சொல்கிறது? அங்கே விற்க விரும்பும் கடைக்காரருக்கும் சுதந்திரம் இல்லை, விற்றால் அவரையும் ஒதுக்குவார்கள். சட்டத்தின் கை அந்த நல்ல கடைக்காரருக்கும் துணை. ஊரார் கேட்டால், என்னால் என்ன செய்ய முடியும், கேஸ் போட்டுவிடுவார்கள் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் இதே நிலைதான் இருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகே விடுதிகளும் உணவகங்களும் சட்டப்படி திறந்தன. அட்லாண்டா விடுதி ஒன்று, இது என் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டு, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

காரணத்தை வெளியே சொல்லாமல் மறுப்பதுதான் இன்றைய வழக்கம். 2023 மார்ச் 30 அன்று சென்னை ரோகிணி திரையரங்கில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்பது நிர்வாகத்தின் விளக்கம். பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பதுதான் யு/ஏ சான்றிதழின் பொருளே. கண்டனம் கிளம்பியதும் உள்ளே விட்டார்கள், ஊழியர்கள்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன்புதான் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பட்டியலில் இல்லாத ஓர் ஏழைக் குடும்பத்தை அழுக்குச் சட்டைக்காக நிறுத்தியிருந்தால்?

உடைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரை மன்றங்களும் அரங்குகளும் தடுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம். நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். அவமானப்பட்டவர் நீதிபதியாக இருந்தால் சில வாரங்களில் சட்டம் வரும் என்பதையும், தீண்டாமைக்கு 500 ரூபாயில் நிற்கும் அபராதம் வேட்டிக்கு 25,000 ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிற பிரிவினருக்குத் துண்டு துண்டாகப் பாதுகாப்பு வந்திருக்கிறது. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ வாடகை வீடோ மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டு வருகிறவரைத் தனியார் மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1989இன் பரமானந்த் கட்டாரா தீர்ப்பு. மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்காக ஸ்பைஸ்ஜெட் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சவாரிக்கு வர மறுக்கும் ஆட்டோவுக்குக்கூட மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் உண்டு. திருமணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்கத் தடைவிதிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்படி வருகிறவர்களுக்கு அறை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டமும் இல்லை. 2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம், மீரட்டில் தொடங்கி, அவர்களை மறுக்கும் உரிமையை விடுதிகளுக்கே விட்டது.

இத்தனைக்கும் பிறகு, வாடகை வீடு பெரும்பாலும் வெளியில்தான் நிற்கிறது. குடியிருப்பைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது, ஆனால் "அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்ற வீட்டுக்காரரை எந்தச் சாட்சியை வைத்துப் பிடிப்பது? 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவு, முன்பணம், காலி செய்தல் எல்லாம் பேசுகிறது. வீடு கொடுக்க மறுப்பதில் காட்டும் பாகுபாடு பற்றி அதில் பேச்சில்லை. உச்ச நீதிமன்றம் 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தம் சமூகத்தவரை மட்டும் உறுப்பினராக்கும் விதி செல்லும் என்றது. சிறுபான்மைச் சமூகத்தின் ஒற்றுமையைக் காக்க வந்த தீர்ப்பு அது. வலுத்த சாதிக் குடியிருப்புகளும் அதையே கேடயமாகப் பிடிக்க முடியும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெல்லியிலும் சுற்று நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரை வைத்து சுகதேவ் தோரட் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் திருப்பி அனுப்பப்படுவதைக் காட்டியது.

வீட்டுக்காரர்களின் அச்சம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு போர்ஷனுக்குள் பத்துப் பேர் தங்கினால் தண்ணீர் போதாது. வாடகை பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு காலி செய்கிறவர்களும் உண்டு. அதற்கெல்லாம் வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது: எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம். எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பது தண்ணீர்க் கணக்கை மாற்றாது. சொல்லப்போனால், வடமாநிலப் பையன்களுக்கு மறுக்கும் அதே தெருவில் இன்னொருவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, குடும்பத்துக்கு விட்டால் வருவதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். மறுப்பு இப்படித்தான் சுரண்டலுக்கு வழிவிடுகிறது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் படுகொலைக்குப் பிறகு, குற்றத்தோடு தொடர்பே இல்லாத ஈழத் தமிழ்க் குடும்பங்கள் இதே தமிழ்நாட்டில் வீடு கேட்டு அலைந்தன. சிங்கப்பூரில் இந்தியருக்கு வீடில்லை என்ற விளம்பரத்தைக் கண்டு நாம் கொதித்தது சரிதான். அந்தக் கொதிப்பு ஒடிசாக்காரப் பையனுக்காகவும் வர வேண்டும்.

கோடு எங்கே போடுவது என்பதற்கு அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. உரிமையாளர் தானும் குடியிருக்கும் நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத சிறு கட்டடத்துக்கு அது பெரும்பாலும் விலக்குத் தருகிறது. ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே மாடிப்படி என்று சேர்ந்து வாழும் இடத்தில் மனிதர்களின் தயக்கத்துக்கு அது இடம் விடுகிறது. அதற்கு மேல் போனால் அது தொழில். இந்த விலக்குகூடச் சாதி மறுப்புக்குக் கேடயமாகக் கூடாது என்பேன், 17ஆம் பிரிவு வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் இருபது அறை வரிசை வீடும் நூறு படுக்கை மகளிர் விடுதியும் கட்டி வாடகை வாங்குகிறவர், அம்பேத்கர் சொன்ன பொருளில் கடை நடத்துகிறவர்தான். ஆலை முதலாளிக்கு மின்சாரமும் சாலையும் நிலமும் கொடுத்து அரசு உருவாக்கிய தேவையில் அவர் சம்பாதிக்கிறார்.

அரசே வீடு கட்டுவதும் ஒரு வழி. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய முயற்சி, ஆனால் ஒரே நிறுவனத்தின் பெண் தொழிலாளருக்கானது. ஒப்பந்தத் தொழிலாளியும் கேன்டீன் ஊழியரும் லாரி ஓட்டுநரும் இன்னமும் தெருவில் அட்டை பார்த்துத்தான் வீடு தேடுகிறார்கள். நாடு முழுமைக்குமான பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஒன்றைத் தனிநபர் மசோதாவாக 2017இல் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்தார், அது காலாவதியாகிப் போனது. மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாடகைச் சட்டம் மாநிலத்தின் கையில் இருக்கிறது.

சாதி, மதம், பால், பிறந்த மாநிலம், திருமண நிலை ஆகியவற்றைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்ற பிரிவை அதில் சேர்க்க வேண்டும். மறுப்புக்கு வேறு காரணம் இருந்ததென்று காட்டும் பொறுப்பு, தொழிலாக வாடகைக்கு விடுகிறவர்மேல் இருக்க வேண்டும். தொடர்ந்து மீறும் விடுதிகளின் உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு வேண்டும், சவுந்தரபாண்டியன் பஸ்ஸுக்குச் செய்ததுபோல. காஞ்சிபுரம் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டும். வெளியூர்த் தொழிலாளர்களின் வாக்கு அவரவர் ஊரில் இருந்தாலும், இந்தத் தொகுதிகளின் ஆலைகளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.